பதினான்காம் அடிக்குறிப்பு

லாஹிரி கோட்டைக் கழற்றவே இல்லை.
கருத்தரங்கு அறை ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது.
தடை, என்கிறார்.
ஒரு குடும்பத்துக்கு நாற்பது இடத்தில் நாற்பது துண்டு,
மரப்பட்டைச் செருப்பால் அளந்துவிடலாம் அகலத்தை.
சில வருஷத்துக்கொருமுறை
தொப்பிக்குள் சீட்டுப் போட்டு மறுபங்கீடு.
இன்றைக்கு என் வயல், நாளைக்கு உன் வயல்.
எவன் எரு போடுவான்?

வர்வாரா பெத்ரோவ்னா கஸானிலிருந்து வந்தவர்.
ஆறிப்போன தேநீரை இரு கையாலும் பிடித்திருக்கிறார்.
காப்பு, என்கிறார்.
அமைச்சகம் எண்ணியது விண்ணப்பங்களை,
வெளியேறிய குடும்பங்களை அல்ல.
பட்டா வாங்கியவர்களில் பலர்
அதே துண்டுகளோடு அங்கேயே கிடந்தார்கள்.
பதினேழில், பிரிந்துபோனவனின் வேலியைப் பிடுங்கி
அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டது யார்?
பக்கத்து வீட்டுக்காரன்தானே?
பயத்தில் திரும்பினார்கள், என்கிறார் லாஹிரி.
பயத்துக்கு உங்களிடம் அட்டவணை இருக்கிறதா?
அறை சிரிக்கிறது. ஹீட்டர் அணைகிறது.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மதுரைச் சிற்றிதழ் ஒன்றுக்கு, பக்கம் நூற்றைம்பது,
போன வருஷத்துக் காசே இன்னும் வரவில்லை.
எனக்குச் சிக்கல் ஒரே சொல்: மிர்.
அவர்கள் பேச்சில் உலகமும் அதுதான், அமைதியும் அதுதான்,
நிலம் பிரிக்கக் கூடும் குடியானவர் கூட்டமும் அதுதான்.
தமிழில் இதற்கென்ன பஞ்சம்?
உலகம் பழிக்கும் என்கிறோம்,
பழிப்பது தெருமுனையில் நாலு பேர்.
ஊர் சிரிக்கும் என்கிறோம். மண்ணா சிரிக்கிறது?
ஊர் என்று தட்டினேன்.
கரையீடு என்று நம் பக்கமும் ஒன்று இருந்தது,
பங்காளிகள் சீட்டுக் குலுக்கி
வயலை மாற்றிக்கொள்வார்கள் என்றேன் லாஹிரியிடம்.
கண் விரிய எழுதிக்கொண்டார்.

615-இல் நின்றபடி முனிர்க்கா வந்து இறங்கும்போதுதான்
உறைத்தது.
அந்தச் சீட்டில் எங்கள் பெயர் இருந்ததில்லை.
வயல் கைமாறும்போது
வயலோடு சேர்ந்து கைமாறியவர்கள் நாங்கள்.
ஊர் வேறு, சேரி வேறு.
உனக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால்
அப்பா ஒரு நொடி தாமதித்துத்தான் சொல்வார்.
அந்த நொடியை எந்தச் சொல்லில் போடுவது?

இந்தச் சந்தில் கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும்.
வீட்டுக்காரர் டோக்கஸின் கோதுமை வயல்
அரசாங்கம் எடுத்து ஃப்ளாட்டாகிவிட்டது.
லால் டோராவுக்குள் மிஞ்சிய மனையில்
ஐந்து மாடி, பதினொரு குடித்தனம், ஒரே தண்ணீர் மோட்டார்.
போன கோடையில் நாங்களே கூடி முறை வைத்தோம்.
மாடிப்படிச் சுவரில் பட்டியல்: திங்கள் நான், செவ்வாய் ஜா குடும்பம்.
மூன்றாம் மாடி மணிப்பூர்ப் பெண்கள்
கூட்டத்தன்று வேலையில் இருந்தார்கள்.
பட்டியலில் இல்லை.
எழுதியது என் கையெழுத்து.

மறுநாள் வர்வாராவிடம் கேட்டேன்.
கூட்டத்தில் நிலமில்லாதவன் நிற்கலாமா?
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
தம்போவ் கோப்பு ஒன்றில் ஒரு வரி உண்டு, என்றார்.
கூட்டம் முடியும்வரை கதவுக்கு வெளியே
மாடு மேய்ப்பவன் நின்றிருந்தான் என்று.
பெயர்?
போடவில்லை.
லாஹிரி எட்டிப் பார்த்தார்:
இது என் பக்கத்துக்கு உதவுமா, உங்கள் பக்கத்துக்கா?
இருவருமே குறித்துக்கொள்ளவில்லை.

இரவு ஊரை அழித்தேன், முப்பத்தோரு இடத்தில்.
மிர் என்றே விட்டேன்.
கீழே குறிப்பு எழுத ஆரம்பித்தேன்:
தமிழில் ஊர் எனலாம். எனினும்.
எனினும் என்பதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் போயிற்று.

ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப்:
பதினான்காம் அடிக்குறிப்பு நீளம்.
இரண்டு வரியாக்கவும்.

மணி ஐந்தரை. கீழே மோட்டார் உறுமுகிறது.
பேனாவோடு படியிறங்குகிறேன்.
பட்டியலில் ஏழு நாளும் நிரம்பியிருக்கிறது.
யார் நாளை அடிப்பது?